எண்ணூறுக்குக் கீழே

மார்ச் 3

அக்கா,

நீ என் எண்ணை முடக்கிவிட்டாய் என்பது இன்று காலைதான் உறுதியானது. மூன்று நாளாக லைன் கிடைக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பக்கத்து மேசைக்காரரின் ஃபோனை வாங்கி அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய். என் குரல் கேட்டதும் வைத்தாய். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் ஃபோனைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மெயில் எழுதினால் உன் அலுவலக முகவரிக்குத்தான் எழுத வேண்டும். அதை யாரெல்லாம் படிப்பார்களோ. அதனால் தாள்.

வியாழக்கிழமைக் கூட்டம். திரையில் பதினோரு சதுரங்கள். ஒன்றில் நீ, பின்னால் உன் ஆய்வகத்தின் நீலக் குளிர்பெட்டி. நான் படத்தைக் காட்டினேன். "அக்கா பிரிச்சுக் கொடுத்த தசையில மேல நிக்குதே, அந்த நாப்பத்தோரு செல்லும் குருத்துச் செல் இல்லைங்க. ரெட்டைங்க" என்றேன். உன் சதுரம் கறுப்பானது.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், கோபிக்காதே. எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ எலியின் தசையைக் கரைத்துச் செல் செல்லாகப் பிரிக்கிறாய். இயந்திரம் ஒவ்வொரு செல்லையும் ஒரு துளிக்குள் அடைக்கிறது. எந்தத் துளியில் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்ற பட்டியல் எண்களாக என்னிடம் வருகிறது. நான் ஒவ்வொரு செல்லுக்கும் மதிப்பெண் போடுகிறேன். தான் யார் என்று முடிவு செய்துவிட்ட செல், தனக்கு வேண்டிய மரபணுக்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிடும். முடிவு செய்யாத செல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து வைத்திருக்கும். ஆகவே திறந்திருப்பவற்றை எண்ணு. அதிகம் திறந்திருந்தால் குருத்துத்தன்மை, அதாவது எதுவாகவும் மாறக்கூடிய தன்மை, அதிகம். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. நாலு வருடமாக இதுதான் என் வேலை.

அந்த நாற்பத்தொன்றும் 0.9க்கு மேல். உள்ளே போய்ப் பார்த்தால் தசைச் செல்லின் பட்டியல் முழுதாக இருக்கிறது. ரத்தக்குழாய்ச் செல்லின் பட்டியலும் முழுதாக இருக்கிறது. ஒரே துளியில் இரண்டு செல்கள் மாட்டிக்கொண்டு ஒன்று என்று எண்ணப்பட்டிருக்கின்றன. இரண்டு பேரை ஒருவர் என்று எண்ணினால் அவர் எதற்கும் துணிந்தவர் போலத்தான் தெரிவார்.

நான் சொன்னது தப்பில்லை.

இது எனக்குப் புதன்கிழமை மதியமே தெரியும்.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

தம்பி


மார்ச் 19

டேய்,

கடிதம் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்ததும் அப்பா பயந்துவிட்டார்.

"யாருடி கேஸ் போட்டிருக்கா?"

"உங்க புள்ளைதான்."

புதன்கிழமை மதியமே தெரியுமாம். புதன் மதியத்திலிருந்து வியாழன் காலை வரை உன் வாய்க்கு என்ன ஆயிற்று?

அந்த நாற்பத்தொன்றை நான் ஒரு நாளாவது கொண்டாடினேனா? போன செப்டம்பரில் ஃபோனில் கத்தியது யார்? "அக்கா, மாட்டிக்கிச்சு! உன் செல்லு மாட்டிக்கிச்சு!" நான் கையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றேன். எங்கள் தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னதும் நீ. 'அக்காவின் செல்கள்' என்று ஸ்லைடுக்குத் தலைப்புப் போட்டதும் நீ. தலையில் தூக்கி வைத்தாய். பிறகு பத்து பேர் பார்க்கக் கீழே போட்டாய்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னை நடைவழியில் நிறுத்தினார். அவரை ஏன் 'நிதானம்' என்று கூப்பிடுகிறோம் என்று ஒருமுறை கேட்டாய். கட்டடம் தீப்பிடித்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "நிதானமா பார்ப்போம்மா." அதைத்தான் சொன்னார். என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் ஜூன் முப்பதோடு முடிகிறது. அடுத்த வருடத் திட்டத்தை அவர் அந்த நாற்பத்தொன்றை வைத்துத்தான் எழுதியிருந்தார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அடுத்த மேசைப் பெண் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அதுதான் தாங்கவில்லை.

எண்ணைத் திறக்க மாட்டேன். அப்பாவோடு பேச வேண்டுமென்றால் அவர் ஃபோனுக்கு அடி. தினமும் காலையில் உன் ஊர் வானிலையைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறார். "அங்க இன்னிக்கு மூணு டிகிரியாம். கம்பளி போட்டானா?" எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதத்தை ஜன்னலோரம் நின்று படித்தேன். அறையில் நாற்காலி ஒன்றுதான். அதில் துணி காய்கிறது.

என் வாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய். இந்தக் கேள்விக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

ரெட்டைகள் என்று தெரிந்தபோது முதலில் வந்தது சந்தோஷம். இங்கே என் தளத்தில் இருபது பேர். காலையில் தலையாட்டுவார்கள். மாலையில் தலையாட்டுவார்கள். நடுவில் காதில் எதையாவது மாட்டிக்கொள்வார்கள். அந்த வாரம் முழுக்க நான் வாய் திறந்து பேசியது கடைக்காரியிடம் "பை வேண்டாம்" என்றது மட்டும். வியாழக்கிழமை பத்து பேர் நான் பேசுவதைக் கேட்பார்கள். என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ "சரிடா, நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றிருப்பாய். வியாழக்கிழமைக்கு என்னிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

இதுதான் காரணம். தேடிப் பார்த்தேன், இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்திருக்கிறேன். கீழே அந்தக் கறை அதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று இயந்திரத்தில் எத்தனை செல் ஏற்றினாய்? குறிப்பேட்டின் நகலில் பத்தாயிரம் என்று இருக்கிறது. பத்தாயிரத்துக்கு இவ்வளவு ரெட்டைகள் விழாது. உன்னை மாட்டிவிடுவதற்காகக் கேட்கவில்லை. கணக்கு இடிக்கிறது, அதனால் கேட்கிறேன்.

பக்கத்து அறைக்காரர் நாலு மாதமாக இருமுகிறார். சுவர் அவ்வளவு மெல்லியது. இதுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை. நேற்று இருமல் கேட்கவில்லை. எழுந்து போய் அவர் கதவுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் இருமினார். திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 22

டேய்,

பேச ஆளில்லை என்றால் அந்த இருமல்காரரின் கதவைத் தட்டு. என்னை ஸ்லைடில் போடாதே.

உன் கேள்விக்குப் பதில். பதினெட்டாயிரம்.

குறிப்பேட்டில் பத்தாயிரம் என்று எழுதினேன். ஏற்றியது பதினெட்டாயிரம். போன ஜூலையில் நீ மூன்று தடவை ஃபோன் செய்து கெஞ்சினாய். "எண்ணிக்கை பத்தலைக்கா. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா." எனக்கு வேறு பயம். என் சின்னதுகள், நான் அப்படிக் கூப்பிடும் அந்தச் சின்னச் செல்கள், வழியிலேயே தொலைந்துவிடும் என்ற பயம். கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பினால் நாலைந்தாவது உன்னிடம் வந்து சேரும் என்று நினைத்தேன். அளவுக்கு மேல் ஏற்றினால் துளிக்கு இரண்டாக மாட்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஏற்றினேன். எழுதும்போது கை பத்தாயிரம் என்று எழுதிவிட்டது. அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதிய ஒரே பொய்.

நிதானத்துக்கு இது தெரியாது. இப்போதைக்கு உனக்கும் எனக்கும்தான்.

சரி, என் சின்னதுகளைப் பற்றி உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்? நீ "ம்... ம்..." என்பாய். பின்னால் விசைப்பலகை சத்தம் கேட்கும். இந்த முறை உன்னால் தட்ட முடியாது, தாளைக் கையில் பிடித்திருக்கிறாய்.

நுண்ணோக்கியில் பார்த்தால் மற்ற தசைச் செல்கள் எல்லாம் கையைக் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். இவை சின்னதாக, உருண்டையாக, விளிம்பில் மட்டும் ஒரு வெளிச்சக்கோட்டோடு ஓரத்தில் கிடக்கும். தட்டில் போட்டால் முதல் நாள் ஒன்றும் செய்யாது. இரண்டாம் நாளும் ஒன்றும் செய்யாது. புதிதாக வருகிறவர்கள் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்று இரண்டாகும். அதற்கப்புறம் நிறுத்த முடியாது. காயம் பட்ட தசையை மறுபடி கட்டுவது இவைதான் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன். அதை எண்ணில் காட்டத்தான் நீ இருக்கிறாய் என்று இருந்தேன்.

நீ அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் அவற்றைத் தேடினேன். ஒன்றில்கூட இல்லை. எங்கே போயின?

அக்கா


மே 10

அக்கா,

உன் கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். எங்கே போயின. ஐந்து நாள் அது அங்கேயே இருந்தது. பக்கத்து மேசைக்காரர் படித்துவிட்டு, "ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவ்வளவு பேசியதே எங்களுக்கு அதிகம்.

கிடைத்துவிட்டது. என் நிரலின் பதினான்காவது வரி. நாலு வருடத்துக்கு முன் எழுதியது. 'எண்ணூறு மரபணுவுக்குக் குறைவாக உள்ள துளிகளை நீக்கு.'

எல்லோரும் இப்படி ஒரு வரி எழுதுவார்கள். குறைவாகப் பேசும் துளி ஒன்று காலியாக இருக்கும், அல்லது சாகும் செல்லாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வரியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நீக்கியவற்றையும் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தேன். ஆறாயிரத்து முன்னூறு துளிகள். பெரும்பாலானவை நிஜமாகவே வெற்று. சிதறிய துணுக்குகள் மட்டும். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு துளிகளில் நீ முதல் மாதமே சொன்ன அந்த மரபணு, உன் சின்னதுகளின் அடையாளம், திறந்திருக்கிறது. சாகும் செல்லுக்கு உரிய எந்தக் குறியும் இல்லை. உயிரோடு இருக்கின்றன. முன்னூறு, நானூறு மரபணுக்கள். அவ்வளவுதான் பேசுகின்றன. அவற்றுக்கு என் மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தேன். 0.08.

கடைசி இடம், அக்கா. எது என்னவாகவும் ஆக முடியுமோ அதற்குக் கடைசி இடம்.

நான் அளந்தது வேறு எதையோ. வேலையில் இறங்கி வளர்ந்துகொண்டிருக்கும் செல்லுக்கு என் கணக்கு சரியாக வரும். ஒன்றும் செய்யாமல் காத்துக்கொண்டிருக்கும் செல்லுக்கு வராது. அது தன்னிடம் இருப்பதையெல்லாம் மூடி வைத்திருக்கும்போது நான் வெளியே நின்று திறந்த கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த இருநூற்றுப் பன்னிரண்டை வைத்துப் பேச முடியாது. பதினெட்டாயிரம் ஏற்றிய நாளின் செல்கள் என்பதால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொருமுறை செய்ய முடியுமா? குறைவாக ஏற்று. ஆண் எலி ஒன்று, பெண் எலி ஒன்று, இரண்டையும் கலந்து. ஒரு துளியில் ஆணின் அடையாளமும் பெண்ணின் அடையாளமும் சேர்ந்து தெரிந்தால் அது ரெட்டை என்று பிடித்துவிடலாம். ஜூன் முப்பதுக்குள் முடிந்தால் நிதானத்திடம் காட்டலாம். உன் இடம் நிற்கும்.

தம்பி


ஜூன் 3

டேய்,

செய்தாயிற்று. மே இருபத்தேழு. இயந்திரம் என் பெயரில் ஏற்கனவே பதிவாகியிருந்தது, யாரும் கேட்கவில்லை.

ஆறாயிரம் ஏற்றினேன். எண்ணி, இன்னொருமுறை எண்ணி, குறிப்பேட்டில் ஆறாயிரம் என்று எழுதி, அடுத்த மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"எதுக்குக்கா சாட்சி? கல்யாணமா?"

"ஆமா. ஆணும் பெண்ணும்தான். போடு."

இன்னொன்றும் செய்திருக்கிறேன், நீ கேட்காதது. தொண்ணூற்றாறு குழித் தட்டு இரண்டு எடுத்தேன். ஒன்றில் குழிக்கு ஒரு சின்னது. மற்றதில் குழிக்கு ஒரு பெரியது, உன் கணக்குக்குப் பிடித்த மாதிரி கொழுத்தது. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே மெல்லிய கண்ணாடிக் குழலால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இரண்டு பகல் ஆயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அது. கழுத்து இன்னும் திரும்பவில்லை. தினமும் ஒரே நேரத்தில் படம் எடுத்தேன். ஆறாம் நாள் முடிவு: சின்னதில் முப்பத்தேழு குழி நிறைந்திருக்கிறது. கொழுத்ததில் இரண்டு.

படங்கள் உறையில் இருக்கின்றன. கசக்காதே.

எண்கள் இருபதாம் தேதிக்குள் உனக்கு வந்துவிடும் என்றார்கள். பார்த்துவிட்டு உள்ளதைச் சொல். எனக்காக எதையும் தூக்காதே. எதையும் தள்ளாதே.

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். தீர்ந்துபோன பேனா மட்டும் இருபத்தாறு. ஏன் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "எழுதுதான்னு ஒவ்வொண்ணா பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். அப்படியானால் தூக்கிப் போடக்கூடாது என்று எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

நேற்று கூட்டம்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூறு என்ற வரியை எடுத்துவிட்டுப் பார்த்ததில் உன் சின்னதுகள் நூற்று நாற்பத்தெட்டு. ஆண் பெண் அடையாளத்தைத் தெளிவாகப் படிக்க முடிந்தவை நூற்று முப்பது. அதில் ரெட்டை ஒன்றே ஒன்று. மேலே நின்ற அந்தப் பழைய கும்பல் இந்த முறை மூன்றுதான். ஒரு செல் பேசும் அளவுக்குத் தக்கபடி எதிர்பார்ப்பை மாற்றிப் புதுக் கணக்கு போட்டேன். உன் குழித் தட்டில் வளர்ந்ததும் என் கணக்கில் மேலே வந்ததும் இப்போது ஒன்றாக நிற்கின்றன.

இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் என் பதினான்காவது வரியைத் திரையில் பெரிதாகப் போட்டேன். "இதை எழுதினது நான். நாலு வருஷமா தூக்கிப் போட்டதும் நான். அவங்க ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டே இருந்தாங்க, நான்தான் கேக்கலை" என்றேன். உன் சதுரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை எல்லாம் பார்த்திருந்தேன்.

பத்து சதுரங்கள்தான் இருந்தன. நான் இரண்டு முறை எண்ணினேன்.

"அக்கா இன்னும் வரலையா?"

நிதானம் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குத் தெரியாதா? அவங்க முப்பதாம் தேதியோட முடிச்சுட்டாங்களே. மே மாசமே முடிவாயிடுச்சு. எண்ணிக்கையைத் தப்பா எழுதிட்டேன்னு அவங்களே வந்து சொன்னாங்க. எனக்கு வேற வழி இல்லை."

அதற்குப் பிறகு எல்லோரும் கேள்வி கேட்டார்கள். நல்ல கேள்விகள். நான் நின்று பதில் சொன்னேன். அரை மணி நேரம் பத்து பேர் என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்டதால்தானே நீ சொன்னாய்? எத்தனை ஏற்றினாய் என்று?

தம்பி


ஜூலை 20

தம்பி,

நீ கேட்டதால் இல்லை. நீ கேட்டதற்கு உனக்கு எழுதினேன். உனக்கு எழுதிய பிறகு ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டைத் திறக்கும்போது கண் அந்தப் பக்கத்தில் போய் நின்றது. மே பதினான்காம் தேதி அவர் அறைக்குப் போனேன். சொன்னேன். "ஏம்மா இப்ப சொன்னே?" என்றார். முதல் முறையாக நிதானமாகப் பார்ப்போம் என்று சொல்லவில்லை.

உன் கடிதம் அதற்கு ஆறு நாள் கழித்து வந்தது. உன் இடம் நிற்கும் என்று எழுதியிருந்தாய். அப்போது இடம் இல்லை. தசை இருந்தது, இயந்திரம் பதிவாகியிருந்தது. செய்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வேலைக்காக வாதாடப் போயிருப்பாய். எண்களைப் பார்க்கும்போது என் வேலைதான் உன் கண்ணில் நின்றிருக்கும்.

இப்போது ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஆறரைக்கே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். குழாயை இயந்திரத்தில் வைக்கிறேன். அது எண்ணி ஒரு தாளைத் துப்புகிறது. இங்கே நுண்ணோக்கிக்கு உறை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருநாள் உறையை எடுத்துப் பார்த்தேன். "ஏதாவது சந்தேகமா?" என்று ஓடி வந்தார்கள். சும்மா என்றேன். சும்மா என்றால் அவர்களுக்குப் புரியவில்லை.

மே மாதமே உன் எண்ணைத் திறந்துவிட்டேன். உனக்குத் தெரிய வழியில்லை. நானும் அடிக்கவில்லை.

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

எண் திறந்திருக்கிறது என்று படித்ததும் ஃபோனை எடுத்தேன். உன் பெயர் வரை வந்தேன். முதல் வார்த்தை என்னவென்று தெரியவில்லை. தாளில் முதல் வார்த்தை தெரியும். அக்கா.

இருமல்காரர் போன மாதம் அறையைக் காலி செய்துவிட்டார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வாளி மட்டும் இருந்தது. நான் தட்டியதே இல்லை.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். உன் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். கைவசம் எல்லாம் இருக்கிறது: உன் குறிப்பேடு, தசையைக் கரைக்கும் உன் நொதி, உன் இயந்திரம். ஆறு முறை செய்துவிட்டாள். ஒருமுறைகூடச் சின்னதுகள் கிடைக்கவில்லை. ஆறாவது முறை கூட்டத்திலேயே அழுதுவிட்டாள். இன்னொருவர் கையிலும் இது வராவிட்டால் கட்டுரையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நூற்று நாற்பத்தெட்டை நீயும் நானும் மட்டும் பார்த்தோம் என்பதோடு முடிந்துவிடும்.

நிதானம் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்காகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். குறிப்பேட்டுல இல்லாதது ஏதோ இருக்கு." நான் கேட்டேன், "கட்டுரையில அவங்க பேரு எங்க வரும்?" முன்னாள் ஊழியர்களுக்குக் கடைசியில் நன்றி சொல்வது வழக்கமாம். நான் எழுதிய வரைவில் உன் பெயர் முதலில் இருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு மூடினார்.

கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். நீ முடியாது என்றால் அதை அவரிடம் சொல்லும் வேலையை நான் சந்தோஷமாகச் செய்வேன். அந்தப் பெண்ணின் முகம்தான் கொஞ்சம் நினைவுக்கு வரும்.

தம்பி


அக்டோபர் 1

தம்பி,

இரண்டு தாள் இருக்கின்றன. இது உனக்கு. மடித்து ஒட்டியது அந்தப் பெண்ணுக்கு.

முதல் பெயர் என்னுடையது. வேண்டாம் என்று சொல்ல நான் தியாகி இல்லை. நிதானம் கையெழுத்துப் போட்ட தாள் உன் கையில் வந்த பிறகு மற்றதைக் கொடு. அவர் நிதானமாகவே போடட்டும், எனக்கு அவசரமில்லை. கட்டுரையில் என் பதினெட்டாயிரத்தையும் எழுது. உன் எண்ணூறையும் எழுது. அடுத்தடுத்த வரியில் வரட்டும்.

எனக்கு அந்த வேலையைத் திரும்பக் கேட்காதே. அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

ஃபோன் அடிப்பதானால் அடி. அடிக்காவிட்டாலும் எழுது.

அக்கா


(மடித்து ஒட்டிய தாள்)

உன் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு முறை செய்தாய் என்று கேள்விப்பட்டேன். உன் கையில் குறை இல்லை. நான் எழுதாமல் விட்டது நிறைய.

கத்தரியை அடிக்கடி மாற்று. மழுங்கினால் அது வெட்டாது, நசுக்கும்.

நொதியில் நாற்பது நிமிடம் என்று எழுதியிருப்பேன். கடிகாரத்தைப் பார்க்காதே. குழாயை வெளிச்சத்தில் பிடி. நூல் நூலாகத் தெரிவது போய் வெறும் கலங்கல் ஆனதும் நிறுத்து. சில நாள் முப்பத்து மூன்று நிமிடத்திலேயே ஆகிவிடும்.

பிப்பெட்டால் ஏற்றி இறக்கும்போது நுரை வரக் கூடாது. வந்தால் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதையாவது பார்.

முதல் சுழற்று மெதுவாக. பெரியவை எல்லாம் அடியில் போய்ப் படியும். அச்சடித்த முறையில் அடுத்த வரி 'மேல்நீரை அகற்று' என்று இருக்கும். நீ அகற்றியிருப்பாய். நான் ஒரு நாளும் அகற்றியதில்லை. என் கை அதை எடுத்து வைத்துக்கொள்ளும். எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. நீ தேடுபவை அந்த மேல்நீரில் இருக்கின்றன.

அதைப் புதுக் குழாயில் ஊற்று. சுழற்றும் இயந்திரத்தில் வைக்கும் முன் குழாயின் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு கோடு போடு. இரண்டாம் சுழற்று வேகமாக, பத்து நிமிடம். எடுத்துப் பார்த்தால் அடியில் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாது. ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கோடு போட்ட பக்கம்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாகப் பிப்பெட்டை விட்டு நீரை மெல்ல எடு. கடைசி ஒரு விரல்கடையைத் தொடாதே. கொட்டிவிடாதே.